லார்ஜ் ஃபார்மட் லென்ஸ் ஷட்டர்: முதல் ஷீட்டைப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

லார்ஜ் ஃபார்மட்டில், அதாவது 4×5 அங்குலத் தனித்தனி ஃபிலிம் ஷீட்டில், நான் எடுத்த முதல் நெகட்டிவ் டெவலப்பரிலிருந்து வெளியே வந்தபோது தார் பூசின மாதிரி இருந்தது. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே கறுப்பு. மீட்டரை இரண்டு தடவை பார்த்திருந்தேன், ஃபோகஸுக்குப் பதினைந்து நிமிஷம் செலவழித்திருந்தேன். கோளாறு வேறிடத்தில். ஃபோகஸ் செய்வதற்காகத் திறந்து வைத்த ஷட்டரை மூட மறந்து, அப்படியே டார்க் ஸ்லைடை, அதாவது ஃபிலிமை ஒளியிலிருந்து மறைக்கும் தகட்டை, உருவியிருக்கிறேன். நடுப்பகல் வெயில் நேராக ஃபிலிமின் மேல் விழுந்துவிட்டது.

35 மி.மீ. கேமராவில் இந்தத் தப்பைச் செய்ய நினைத்தாலும் முடியாது. ஷட்டர் உடம்புக்குள் இருக்கும், ஃபிலிம் நகர்ந்தால்தான் அடுத்த கிளிக், கண்ணாடி தானாக ஏறி இறங்கும். எல்லாம் பல்சக்கரங்களால் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கும். லார்ஜ் ஃபார்மட்டில் அப்படி எந்தக் கட்டும் கிடையாது. முன்னால் ஒரு லென்ஸ், நடுவில் பெல்லோஸ் என்ற மடிப்புத் துருத்தி, பின்னால் ஃபிலிம் ஷீட்டைத் தாங்கும் ஹோல்டர். ஷட்டருக்குப் பின்னால் ஃபிலிம் இருக்கிறதா இல்லையா என்பது ஷட்டருக்கே தெரியாது. அந்தக் கணக்கை வைத்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான். அதனால் இங்கே ஷட்டரைப் பற்றித் தெரிந்துகொள்வது என்றால் பாதி அதன் இயந்திரம், மீதி உங்கள் கைப்பழக்கம்.

உள்ளே என்ன இருக்கிறது

ஒரு மேசையில் மெத்தென்ற துணியை விரித்து லென்ஸை வையுங்கள். நவீன லென்ஸ் என்றால் அது மூன்று துண்டு: முன் கண்ணாடித் தொகுதி, நடுவில் ஷட்டர், பின் கண்ணாடித் தொகுதி. முன்னும் பின்னும் ஷட்டருக்குள் மரையில் திருகி நிற்கின்றன. கையாலேயே கழற்றலாம். கழற்றும்போது தொகுதிக்கும் ஷட்டருக்கும் நடுவே காகிதம் போல மெல்லிய உலோக வளையம் ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். கண்ணாடிகளுக்கு இடையிலான தூரத்தைச் சரியாக வைப்பதற்கு உற்பத்தியாளர் போட்ட வளையம் அது. தொலைத்தால் படத்தின் கூர்மை கெடும்.

ஷட்டருக்குள் இரண்டு அடுக்குத் தகடுகள் உண்டு. புதியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று அப்பர்ச்சர்: லீவரை நகர்த்தினால் துளை சிறிதாகும், பெரிதாகும், ஆனால் முழுக்க மூடாது. இன்னொன்று ஷட்டர்: மெல்லிய எஃகு இதழ்கள், பெரும்பாலும் ஐந்து. ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒளியை முழுக்க அடைத்திருக்கும், விசையைத் தட்டினால் நடுவிலிருந்து வெளிப்புறமாக விலகி, குறித்த நேரம் நின்று, திரும்ப மூடும். இதழ் இதழாக விரிவதால்தான் லீஃப் ஷட்டர் என்று பெயர்.

இதையெல்லாம் இயக்குவது ஸ்பிரிங். பேட்டரி இல்லை. வேகத்தைக் கட்டுப்படுத்துவது கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற குட்டிப் பல்சக்கர வரிசை. 1 நொடியில் வைத்துத் தட்டினால் 'ஸ்ஸ்ர்ர்ர்' என்று ஒரு ரீங்காரம் கேட்கும். அந்தச் சக்கரங்கள் ஓடும் சத்தம் அது. அந்தச் சத்தத்தைக் காதில் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

பெயர்களும் அளவுகளும்

இன்று கைக்கு வரும் லென்ஸ்களில் அதிகம் பார்ப்பது ஜப்பானின் கோபல் ஷட்டர். நம்ம ஊர் கோபால் மாதிரி கேட்கும், பழகிவிடும். 0, 1, 3 என்று மூன்று அளவு. லென்ஸைக் கேமராவில் மாட்டும் பலகையான லென்ஸ் போர்டில் துளை போடும் கணக்கு இந்த எண்ணை வைத்துத்தான்: 0-க்கு சுமார் 34.6 மி.மீ., 1-க்கு சுமார் 41.6 மி.மீ., 3-க்கு சுமார் 65 மி.மீ. எஃப்/5.6 உள்ள 150 மி.மீ. லென்ஸ் பெரும்பாலும் 0-இல் வரும், 210 மி.மீ. லென்ஸ் 1-இல், 300 மி.மீ. லென்ஸ் 3-இல். ஷட்டர் பெரிதாக ஆக இதழ்களும் பெரிதாகும், எடை கூடும், வேகம் குறையும். 0-இல் அதிகபட்சம் 1/500 நொடி, 1-இல் 1/400, 3-இல் வெறும் 1/125.

1/125 என்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். தேவையே இல்லை. ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில், நல்ல வெயிலில், எஃப்/16-க்கு ஏறக்குறைய 1/100. 4×5-இல் நாம் எடுப்பது எஃப்/22, எஃப்/32. எஃப்/32-க்கு அதே வெயில் 1/25 ஆகிவிடும். ஒரு அடர் சிவப்பு ஃபில்டர் போட்டால் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) போய் 1/3 நொடி. நிழலுக்குப் போனால் நொடிக்கணக்கு. அதனால் உங்கள் ஷட்டரின் உயிர் மெதுவான வேகங்களில் இருக்கிறது. என்னுடைய 150 மி.மீ. லென்ஸில் 1/500-ஐச் சோதனைக்குத் தவிர வேறெதற்கும் தொட்டதாக ஞாபகம் இல்லை.

கோபல் ஷட்டர்கள் இப்போது புதிதாக உற்பத்தி ஆவதில்லை. எனவே நீங்கள் வாங்குவது ஏறக்குறைய நிச்சயமாகப் பழைய பொருள். அதைவிடப் பழையது ஜெர்மனியின் கம்பூர். மியூனிக்கில் ஃப்ரீட்ரிக் டெக்கல் நிறுவனம் 1912-இல் கொண்டுவந்தது. பிரான்டரும் ஜெர்மனிதான். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்திலிருந்து வந்த வொல்லென்சாக், ஐலெக்ஸ் ஷட்டர்களும் சந்தையில் புழங்குகின்றன.

கைக்கு வரும் லீவர்கள்

கோபல் 0-ஐயே எடுத்துக்கொள்வோம். முன்புற வளையத்தில் வேகங்கள்: டி, பி, 1, 2, 4, 8, 15, 30, 60, 125, 250, 500. இதில் 2 என்றால் இரண்டு நொடி இல்லை, அரை நொடி. 4 என்றால் கால் நொடி. 1 நொடிக்கு மேல் இந்த ஷட்டருக்கு எண்ணத் தெரியாது.

அதற்கு மேல் வேண்டுமென்றால் டி அல்லது பி. பி-யில் அழுத்திக்கொண்டிருக்கும் வரை திறந்திருக்கும், விட்டால் மூடும். அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர் கையில் ஒரு ரப்பர் பந்து வைத்து அமுக்குவாரே, ஆங்கிலத்தில் அந்தப் பந்தின் பெயரிலிருந்துதான் இந்த எழுத்து வந்தது. டி-யில் ஒரு தடவை அழுத்தினால் திறக்கும், இன்னொரு தடவை அழுத்தினால் மூடும். அரை நிமிஷத்துக்கு மேலான எக்ஸ்போஷருக்கு டி நிம்மதி, கட்டைவிரல் வலிக்காது.

வேக வளையம் ஒவ்வொரு எண்ணிலும் 'டக்' என்று உட்காரும். இரண்டு எண்ணுக்கு நடுவே வைக்காதீர்கள். அங்கே வேகம் எதுவும் கிடையாது. நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் அதை அப்பர்ச்சரில் செய்யுங்கள். அப்பர்ச்சர் லீவருக்குக் கிளிக் இல்லை, எங்கே வேண்டுமானாலும் நிற்கும்.

அப்புறம் காக் செய்யும் லீவர். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் இதைத் தள்ளி ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும். இன்னொரு சின்ன லீவர் ஷட்டரைத் தட்டுவதற்கு. ஷட்டரைக் கையால் தொடாமல் தட்ட உதவும் கேபிள் ரிலீஸைத் திருகும் துளை வழியாகவும் அதையே செய்யலாம். மூன்றாவது லீவர் ஃபோகஸ் பார்ப்பதற்கு இதழ்களைத் திறந்தபடி பிடித்து வைக்கும். என் முதல் ஷீட்டைக் கறுப்பாக்கிய குற்றவாளி அவர்தான். பழைய ஷட்டர் சிலவற்றில் இந்த லீவர் இருக்காது. அவற்றில் டி-யில் வைத்துத் திறந்து ஃபோகஸ் பார்க்க வேண்டும்.

ஃபிளாஷ் வயருக்கு ஒரு குட்டித் துளை உண்டு. லீஃப் ஷட்டரின் பெரிய சௌகரியம் இது: எந்த வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். பழையவற்றில் எக்ஸ், எம் என்று இரண்டு நிலை இருந்தால் எக்ஸில் வையுங்கள். எம் என்பது அந்தக் கால ஃபிளாஷ் பல்புக்கு. பல்பு முழுப் பிரகாசத்துக்கு வரட்டும் என்று ஷட்டர் கொஞ்சம் காத்திருந்து திறக்கும். அதற்குள் இன்றைய எலெக்ட்ரானிக் ஃபிளாஷ் அடித்து ஓய்ந்திருக்கும்.

ஒரு படம், படிப்படியாக

முதலில் ஃபிலிம் இல்லாத காலி ஹோல்டரை வைத்து வீட்டிலேயே இருபது முப்பது தடவை இதைச் செய்து பாருங்கள். வரிசை கையில் ஊறிவிட வேண்டும். வெளியில் மேகம் நகர்ந்துகொண்டிருக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

1. அப்பர்ச்சரை முழுக்கத் திற. ஃபோகஸ் லீவரால் ஷட்டரைத் திற. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு கிரவுண்ட் கிளாஸில் (கேமராவின் பின்புறம் படம் தெரியும் மங்கலான கண்ணாடி) படத்தை அமைத்து ஃபோகஸ் செய்.

2. வெளியே வந்ததும் ஷட்டரை மூடு. வேறு எந்த வேலைக்கும் முன்னால் இது. மீட்டரை எடுப்பதற்கு முன்னால், ஹோல்டரைத் தேடுவதற்கு முன்னால். லென்ஸுக்கு முன்னால் போய் நின்று உள்ளே பார்த்தால் இதழ்கள் மூடியிருப்பது தெரியும்.

3. மீட்டர் பார்த்து அப்பர்ச்சரையும் வேகத்தையும் வை. வேகத்தை வைத்த பிறகு காக் செய்வதுதான் நல்ல பழக்கம். கோபலில் வரிசை மாறினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பழைய கம்பூரில் அப்படி இல்லை. அதில் உச்ச வேகத்துக்கென்று கூடுதலாக ஒரு ஸ்பிரிங் உண்டு. காக் செய்த பிறகு வளையத்தை வலுக்கட்டாயமாக அந்த வேகத்துக்குத் திருப்பினால் உள்ளே ஏதாவது உடையும்.

4. காக் செய்து ஒரு தடவை சும்மா தட்டு. நிறையப் பேர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். நான் தாண்டுவதில்லை. ஃபிலிம் உள்ளே போவதற்கு முன்னாலேயே மூன்று விஷயம் இதில் தெரிந்துவிடும்: ஷட்டர் திறந்து மூடுகிறது, கேபிள் சரியாகத் திருகியிருக்கிறது, வேகம் காதுக்குச் சரியாகக் கேட்கிறது. குளிரில், அல்லது பல நாள் சும்மா கிடந்த பிறகு, முதல் தட்டு எப்போதுமே கொஞ்சம் சோம்பலாக இருக்கும். அந்தச் சோம்பல் ஃபிலிமில் விழாமல் இந்தத் தட்டில் போய்விடட்டும்.

5. திரும்பக் காக் செய். ஹோல்டரைச் செருகு. பெல்லோஸ் அசைந்திருக்கும், ஒரு மூச்சு பொறு.

6. முன்பக்க டார்க் ஸ்லைடை நேராக உருவு. கேபிளைக் கையில் எடு. கேபிள் விறைப்பாக இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது, தொளதொளவென்று வளைந்து தொங்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கை நடுக்கம் அப்படியே லென்ஸுக்குப் போகும். ஒரு முழம் நீளமுள்ள கேபிள் வசதி.

7. தட்டு. சத்தம் முழுக்க முடியும் வரை கேபிளை விடாதே.

8. டார்க் ஸ்லைடைத் திருப்பிச் செருகு. பிடியின் வெள்ளைப் பக்கம் வெளியே பார்த்தால் இன்னும் எடுக்காத ஃபிலிம், கறுப்புப் பக்கம் என்றால் எடுத்து முடித்தது. உலகம் முழுக்க இதுதான் வழக்கம். நீங்களாக வேறு முறை கண்டுபிடிக்க வேண்டாம்.

பிரான்டர் பிரஸ் போன்ற சில ஷட்டர்களில் காக் செய்யும் வேலையே கிடையாது. தட்டும்போதே ஸ்பிரிங்கும் ஏறிக்கொள்ளும். அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்பதால் முக்காலி உறுதியாக இருக்கட்டும்.

எழுதியிருப்பது ஒன்று, ஓடுவது ஒன்று

பழைய ஷட்டரில் வளையத்தில் எழுதியிருக்கும் வேகத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே போட்ட எண்ணெய் ஆண்டுக்கணக்கில் பிசின் மாதிரி ஆகியிருக்கும். மெதுவான வேகங்கள்தான் முதலில் கெடும். 1 நொடியில் தட்டினால் ரீங்காரம் பாதியில் திக்கும், சில சமயம் திறந்தபடியே நின்றுவிடும். இணையத்தில் ஒரு 210 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். விற்றவர் 'எல்லா வேகமும் ஓடுகிறது' என்று சொன்னார். பொய் இல்லை, எல்லாம் ஓடின. 1 நொடி ஒன்றேமுக்கால் நொடி ஓடியது, அவ்வளவுதான்.

சோதிப்பதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. போனில் ஸ்லோமோஷன் வீடியோ நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் என்றால் போதும். லென்ஸை ஜன்னலுக்கு எதிரே, பகல் வெளிச்சம் ஊடுருவும்படி நிறுத்துங்கள். எல்இடி விளக்கு வேண்டாம், மினுக்கல் கணக்கைக் குழப்பும். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து படம் பிடித்துக்கொண்டே தட்டுங்கள். பிறகு வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, வெளிச்சம் தெரியும் ஃபிரேம்களை எண்ணுங்கள். 1 நொடிக்கு 240 ஃபிரேம் வர வேண்டும், 1/8-க்கு 30, 1/15-க்கு 16, 1/30-க்கு 8. அதற்கு மேல் எண்ணிக்கை ரொம்பச் சின்னதாகிவிடும், நம்ப முடியாது.

1/8-இல் 30-க்குப் பதில் 42 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 30-ஆல் வகுத்தால் 1.4. அது அரை ஸ்டாப் கூடுதல். அப்பர்ச்சரை அரை ஸ்டாப் குறைத்துக்கொண்டால் தீர்ந்தது. ஒவ்வொரு வேகத்தையும் ஐந்து தடவை தட்டிப் பாருங்கள். ஐந்திலும் 42-ஐ ஒட்டியே வந்தால் அந்த ஷட்டரை வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். ஒரு துண்டு டேப்பில் உண்மையான வேகங்களை எழுதி லென்ஸ் போர்டில் ஒட்டினால் போதும். தடவைக்கு ஒரு மாதிரி, 33, 51, 40 என்று வந்தால் சர்வீஸுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குள் இருக்கும் பிழையைப் பற்றி நான் கவலைப்படுவதே இல்லை. கறுப்பு-வெள்ளை நெகட்டிவ் அதைத் தாங்கும்.

கொஞ்சமாகத் திக்கும் ஷட்டர் ஐம்பது அறுபது தடவை தட்டியதும் தெளிவதுண்டு. ஆனால் லைட்டர் பெட்ரோலையோ தையல் மெஷின் எண்ணெயையோ உள்ளே விடாதீர்கள். அழுக்கு கரைந்து இதழ்களுக்கு இடையில் பரவும், இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டும். அப்படி ஒட்டின ஷட்டரைக் கொண்டுபோனால் சர்வீஸ் செய்பவர் முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. இதழ்கள் நடுவிலிருந்து விரிவதால், அப்பர்ச்சர் சின்னதாக இருந்தால் அந்தத் துளை உடனே முழுசாகத் திறந்துவிடும், கடைசியில்தான் மூடும். அப்பர்ச்சர் பெரிதாக இருந்தால் ஓரங்கள் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும். விளைவு, 1/500-இல் எஃப்/32 வைத்தால் கணக்குக்கு மேல் ஒளி விழும். மெதுவான வேகங்களில் திறந்து மூடும் நேரம் மொத்தத்தில் தூசு மாதிரி, கண்டுகொள்ள வேண்டாம்.

வாங்கும்போது

பழைய லென்ஸில் 1/5, 1/10, 1/25, 1/50, 1/100 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது பழைய வேக வரிசை. 1/25-ஐ 1/30 என்று வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம்.

அப்பர்ச்சர் அளவுகோல் அந்த லென்ஸுக்கு உரியதா என்று பாருங்கள். 150 மி.மீ. லென்ஸுக்குப் பொறித்த தகட்டை 210 மி.மீ. லென்ஸின் ஷட்டரில் மாட்டி விற்பதுண்டு. துளை அதே அளவாக இருந்தாலும் எஃப் எண் மாறிவிடும், எல்லாப் படமும் ஒரு ஸ்டாப் குறைவாக வரும்.

ஷட்டரின் பின்புறம் ஒரு குட்டித் திருகு துருத்திக்கொண்டிருக்கும். போர்டில் அதற்கான பள்ளம் இல்லையென்றால் ஷட்டர் சாய்ந்துதான் உட்காரும். திருகைக் கழற்றிவிட்டு, பின் வளையத்தை இறுக்கி மாட்டுங்கள். பழைய கம்பூரில் செல்ஃப் டைமர் லீவர் இருந்தால் கையே வைக்காதீர்கள். உள்ளே துரு ஏறியிருந்தால் பாதியில் சிக்கி மொத்த ஷட்டரையும் முடக்கிவிடும்.

வீட்டில் எடுத்து வைக்கும்போது ஸ்பிரிங் ஏறிய நிலையில் வைக்க வேண்டாம், தட்டிவிட்டு வையுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போட மறக்க வேண்டாம்.

ஷட்டரே இல்லாத லென்ஸ்

சில பழைய லென்ஸ்கள் வெறும் பித்தளைக் குழாயாக வரும். ஷட்டர் கிடையாது, விலையும் குறைவு. பின்புறத் திரை ஷட்டர் உள்ள ஸ்பீடு கிராஃபிக் மாதிரி கேமரா இருந்தால் அதிலேயே மாட்டலாம். இல்லாவிட்டால் லென்ஸ் மூடிதான் ஷட்டர். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியும் புகைப்படக்காரருமான லினேயஸ் ட்ரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 6 மீட்டர் நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். லீஃப் ஷட்டர் எல்லாம் அப்போது வந்திருக்கவில்லை.

மூடியால் எடுக்க எக்ஸ்போஷர் குறைந்தது 4 நொடியாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் கையின் தாமதமே பெரிய பிழையாகிவிடும். எஃப்/45, நிழல், ஃபில்டர் என்று சேர்த்தால் இந்த 4 நொடி சுலபமாக வரும். நீளமான எக்ஸ்போஷரில் ஃபிலிமின் உணர்திறன் குறைவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸுக்கு மீட்டர் 10 நொடி காட்டினால் 18 நொடி கொடுக்கச் சொல்கிறது இல்ஃபோர்டின் சூத்திரம்.

மூடியை இறுக்கமாக மாட்டி வைக்காதீர்கள், உருவும்போது கேமரா ஆடும். லேசாகச் செருகி வைத்து, டார்க் ஸ்லைடை எடுத்த பிறகு மூடியை லென்ஸிலிருந்து ஒரு விரல் தூரம் விலக்கி, அந்த இடத்திலேயே மறைத்தபடி பிடியுங்கள். ஆட்டம் அடங்கட்டும். பிறகு கையைச் சட்டென்று மேலே தூக்கி, எண்ணி முடித்ததும் அதே பாதையில் கீழே கொண்டுவாருங்கள். பக்கவாட்டில் எடுத்தால் படத்தின் ஒரு பாதிக்கு ஒளி கூடுதலாகப் போய்விடுமோ என்று எனக்கு முதலில் பயம் இருந்தது. சுவரைப் பார்த்து நான்கு ஷீட் எடுத்துச் சோதித்தேன், வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.